மூன்று மூலைக் கொல்லை எத்தனை சென்ட்? முக்கோணப் பரப்பளவை அளந்தே கற்போம்

வேலூர்ப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டிய கொல்லைகளைப் பாருங்கள். ஒரு பக்கம் கரை, மறுபக்கம் வண்டிப்பாதை என்று வெட்டிக்கொண்டு போவதில், மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட நிலம் சில இடங்களில் மூன்று மூலையாக நின்றுவிடும். அப்படி ஒன்றை அளப்போம். நீளமான டேப், மூன்று முளைக்குச்சி, கூட ஒரு ஆள் போதும்.

முதலில் வகை. மூன்று பக்கமும் சமம் என்றால் சமபக்க முக்கோணம், இரண்டு மட்டும் சமம் என்றால் இருசமபக்கம், மூன்றும் வேறு என்றால் அசமபக்கம். கோணத்தை வைத்தும் பிரிக்கலாம்: எல்லாமே 90 பாகைக்குக் குறைவென்றால் குறுங்கோணம், ஒன்று சரியாக 90 என்றால் செங்கோணம், ஒன்று 90ஐத் தாண்டினால் விரிகோணம். எந்த வகையானாலும் பரப்பளவுக்குச் சூத்திரம் ஒன்றுதான்: அடிப்பக்கம் × உயரம் ÷ 2.

ஏன் இரண்டால் வகுக்கிறோம்? ஒரு செவ்வகத் தாளை மூலைக்கு மூலை வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் தாளில் பாதி. மற்ற முக்கோணங்களையும் எதிர்மூலையிலிருந்து நீளமான பக்கத்துக்குச் செங்குத்தாக வெட்டினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள்தான்; ஒவ்வொன்றும் ஒரு செவ்வகத்தில் பாதி.

பலர் தவறுவது உயரத்தில். சாய்ந்த பக்கத்தை உயரம் என்று எடுத்துவிடுகிறார்கள். அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக வருவதுதான் உயரம்.

சரி, கொல்லைக்கு வருவோம். மூலைக்கு ஒரு முளை அடித்துப் பக்கங்களை அளக்கிறோம்: 65, 70, 75 அடி. நீளமான 75ஐ அடிப்பக்கமாக வையுங்கள். அப்போதுதான் விரிகோணமாக இருந்தாலும் உயரம் நிலத்துக்குள்ளேயே விழும். எதிர்மூலை முளையில் டேப்பை மாட்டி, மறுமுனையை அடிப்பக்கத்தின் மேல் மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்தில் அளவு மிகக் குறைவோ அதுவே உயரம். இங்கே 56 அடி.

75 × 56 ÷ 2 = 2100 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்தால் ஏறக்குறைய 4.82 சென்ட்.

பயிர் நின்று உள்ளே நடக்க முடியாவிட்டால், மூன்று பக்க அளவை மட்டும் வைத்துப் பரப்பளவு காணும் ஹெரான் சூத்திரம் இருக்கிறது. பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்குங்கள்: 105. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 40, 35, 30. நான்கையும் பெருக்கினால் 44,10,000. அதன் வர்க்கமூலம் 2100. செடி ஒன்றைக்கூட மிதிக்காமல் அதே விடை!

நான்கு மூலைக் கொல்லையா? குறுக்கே ஒரு கயிறு கட்டுங்கள், இரண்டு முக்கோணமாகிவிடும். சர்வேயர் தரும் புலப்படத்திலும் நிலத்தை இப்படி முக்கோணங்களாகப் பிரித்திருப்பதைப் பார்க்கலாம்.