நீலகிரிக்கு லீவுல வர்றவங்க கவனிக்க: உயில் இல்லாம போனவங்க சொத்து

வெளிநாட்டுல இருந்து லீவுக்கு ஊட்டி, கோத்தகிரி பக்கம் வர்ற நம்மாளுங்க முக்கால்வாசி பேர் தொட்டபெட்டா, பைக்காரா, சொந்தக்காரங்க கல்யாணம்னு சுத்திட்டு கடைசி ரெண்டு நாள்ல தான் "அந்த தோட்டம் விஷயத்த பாத்துடலாம்"னு தாலுகா ஆபீஸ் போறாங்க, போனா பட்டா இன்னும் தாத்தா பேர்லயே கிடக்கும். சர்வே நம்பர் கையில இருந்தா இத கனடாவுல உக்காந்துகிட்டே பாக்கலாம்ங்க, தமிழ்நாடு அரசு சைட்ல பட்டா சிட்டா வந்துடும், பதிவுத்துறை சைட்ல வில்லங்கம் பாத்துடலாம். டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க.

அப்பா உயில் எழுதல, சரி, அம்மாவுக்கு தான எல்லாம்னு நெறய பேர் நினைக்கறாங்க. அப்படி இல்ல. இந்துக்களுக்கு 1956 வாரிசுரிமை சட்டப்படி ஆம்பள ஒருத்தர் உயில் இல்லாம போனா மனைவி, பையன், பொண்ணு, அப்புறம் அவரோட அம்மா எல்லாருக்கும் சம பங்கு. பொண்ணுக்கு நகை போட்டு கட்டிக் குடுத்தாச்சு, நிலத்துல பங்கு கிடையாதுங்கற பேச்செல்லாம் டீக்கடையோட சரி.

சிக்கல் பாட்டிகிட்ட தான் ஆரம்பிக்கும். அப்பா சொந்த காசுல ஒரு ஏக்கர் தேயிலை வாங்கினாருனு வைங்க, அவர் போறப்ப பாட்டி உசுரோட இருக்காங்க, அம்மா, நீங்க மூணு பிள்ளைங்க, ஆக அஞ்சு பங்கு, ஆளுக்கு 20 சென்ட். அப்போ யாரும் ஒண்ணும் எழுதல, அஞ்சாறு வருசம் கழிச்சு பாட்டியும் உயில் இல்லாம போயிடறாங்க. இப்போ பாட்டியோட 20 சென்ட் அவங்க பிள்ளைங்களுக்கு போகுது, சித்தப்பாவுக்கு ஒரு பங்கு, அத்தைக்கு ஒரு பங்கு, செத்துப்போன உங்கப்பா பங்கு மட்டும் உங்க மூணு பேருக்கு. அப்பா தனியா சம்பாரிச்ச நிலத்த விக்க இப்போ சித்தப்பா கையெழுத்தும் வேணும், அத்த கையெழுத்தும் வேணும், அத்த பையன் கல்யாணத்துக்கு நீங்க வரலங்கற கோவமும் அதோட சேந்து வரும்.

கிறிஸ்தவங்களுக்கு கணக்கு வேற, 1925 இந்திய வாரிசுரிமை சட்டப்படி மனைவிக்கு மூணுல ஒண்ணு, மிச்சம் பிள்ளைங்களுக்கு, பிள்ளைங்க இருந்தா பாட்டிக்கு இல்ல. முஸ்லிம்களுக்கு ஷரியத். தோடர், கோத்தர் மாதிரி பழங்குடிகளுக்கு 1956 சட்டமே பொருந்தாது, அவங்க வழக்கம் தான். பேங்க்ல நாமினி போட்டிருக்குனு தைரியமா இருக்காதீங்க, நாமினி காசை வாங்கி வாரிசுகளுக்கு குடுக்க வேண்டிய ஆள், அவ்ளோதான்.

வந்ததும் மொத வேலை வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்துல இறப்பு சான்றிதழ், எல்லா வாரிசோட ஆதார், முகவரி குடுத்து போடணும், விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரிச்சு தாசில்தார் குடுப்பார். பேர் தான் இங்க பெரிய தலவலி. இறப்பு சான்றிதழ்ல "ஆர். பெள்ளன்", பத்திரத்துல "பெள்ளா கவுடர்", உங்க பாஸ்போர்ட்ல அப்பா பேர் வேற ஸ்பெல்லிங்னு இருந்தா ஒவ்வொரு டேபிள்லயும் நிறுத்துவாங்க, அதனால மூணையும் மொதல்லயே பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துக்குங்க. சான்றிதழ் கைக்கு வந்தப்புறம் பாகப்பிரிவினையோ, பங்க விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரமோ போட்டு பட்டா மாத்தணும். வரமுடியாத அண்ணன் தங்கச்சி பவர் (அவங்களுக்காக இன்னொருத்தர் கையெழுத்து போட அதிகாரம் குடுக்கற பத்திரம்) அனுப்பலாம், அங்க இந்திய தூதரகத்துலயோ, இல்ல நோட்டரி போட்டு அப்போஸ்டில் (வேற நாட்டுலயும் ஏத்துக்க அந்த நாட்டு அரசு குடுக்கற சான்று) வாங்கியோ அனுப்பணும், இங்க வந்து சேந்து 3 மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டணும். பவர் குடுத்தவர் செத்துட்டா பவரும் செத்துடும், அத வெச்சு வித்தா செல்லாது.

வெளிநாட்டு குடியுரிமை வாங்கிட்டீங்கன்னா, ஓசிஐ கார்டுல (வெளிநாட்டுக் குடிமக்களாயிட்ட இந்திய வம்சாவளிக்கு இந்திய அரசு குடுக்கற கார்டு) தேயிலைத் தோட்டம் வாங்க முடியாது, ஆனா வாரிசா வந்தா வெச்சுக்கலாம். விக்கறதுன்னா இந்தியாவுல குடியிருக்கற இந்தியக் குடிமகனுக்கு தான் விக்க முடியும், லண்டன்ல இருக்கற மச்சானுக்கு இல்ல. கூடலூர், பந்தலூர் பக்கம் நிலம்னா அது 1969 ஜென்ம ஒழிப்பு சட்டத்துல (பழைய ஜென்மிங்களோட நில உரிமைய ஒழிச்ச சட்டம்) மாட்டின நிலமானு மொத பாத்துட்டு அப்புறம் பங்க பத்தி பேசுங்க.

மே மாசம் மட்டும் வேணாம், சீசன் கூட்டம், சிவில் கோர்ட்டுக்கு லீவு வேற. வெளியூர் வண்டில வந்தா 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுக்கணும். அக்டோபர், நவம்பர்ல குன்னூர் ரோட்டுல மண் சரிஞ்சா ரிஜிஸ்டர் ஆபீஸ் டோக்கன் வீணாப் போகும். ஜனவரி, பிப்ரவரி குளிரும், ஆனா வேலை நடக்கும்.

அப்பா அம்மா உசுரோட இருக்காங்கன்னா இவ்வளவும் வேணாம், ஒரு உயில் போதும். ஸ்டாம்ப் பேப்பர் கூட வேணாம், வெள்ளப் பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு ரெண்டு சாட்சி இருந்தா செல்லும், பதிவு கட்டாயம் இல்ல, ஆனா பண்ணிடுங்க, பின்னாடி சண்ட வந்தா உதவும். ரொம்ப வயசானவங்கன்னா சுயநினைவோட இருக்காங்கனு டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி வெச்சுக்குங்க. சாட்சிக்கு அப்பாவோட வாக்கிங் ஃப்ரெண்ட கூட்டிட்டு போகாதீங்க, நாளைக்கு கோர்ட்ல "ஆமா, என் முன்னாடி தான் கையெழுத்து போட்டார்"னு சொல்ல ஒரு சாட்சியாவது உசுரோட வேணும், முப்பது நாப்பது வயசுல ஊர்லயே இருக்கற, பங்குல சம்பந்தமில்லாத ரெண்டு பேரா பாருங்க.