ராக் பாட்டு யாருடையது என்று வாதாடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

எங்கள் செட்டில் ஏழு பேர், எல்லாரும் நாகர்கோவில் பக்கம். அதில் பாதிப் பேர் சர்ச் கொயரில்தான் முதன்முதலில் கிட்டார் பிடித்தவர்கள். ஞாயிறு சாயங்காலம் சங்குத்துறை கடற்கரையில் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "அந்தப் பாட்டை எழுதினது யாரு லே" என்பதில்தான் வந்து நிற்கும். நான் ஒரு தடவை ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' அந்தக் குழுவின் கிட்டார்காரர் ஜோ வால்ஷின் பாட்டு என்று அடித்துச் சொல்லிவிட்டேன், கடைசியில் கிட்டார் மட்டும் முன்னால் வந்து பேசும் அந்த சோலோவைக் கேட்டால் வேறு யாரைச் சொல்லத் தோன்றும்? கொயர் அண்ணன் ஒருவர் ஒன்றும் பேசாமல் பாட்டுக்கு நேரே போட்டிருந்த பெயர்களைக் காட்டினார். அதே குழுவின் டான் ஃபெல்டர், டான் ஹென்லி, க்ளென் ஃப்ரை. வால்ஷ் இல்லவே இல்லை. சோலோவை ஃபெல்டரோடு மாறி மாறி வாசித்தவர் அவர், சரிதான். ஆனால் பாட்டின் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து) வரிசை ஃபெல்டர் வீட்டில் டேப்பில் பதிந்து கொண்டுவந்தது.

அதனால் வாதத்தைத் தொடங்குமுன் "எழுதினது" என்றால் என்ன என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளுங்கள். நமக்கு இது புதிதில்லை. 'இளைய நிலா'வுக்கு வரி வைரமுத்து, மெட்டு இளையராஜா என்று சின்னப் பிள்ளையும் சொல்லும், அந்தக் கிட்டாரை வாசித்தவர் பெயரைக் கேட்டால் பெரியவர்களே முழிப்பார்கள். ராக்கிலும் ஏறக்குறைய அதே கதைதான்: வரி, மெட்டு, கார்டு, சில சமயம் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் துணுக்கு), இவற்றுக்குத்தான் பெயர் போடுவார்கள். சோலோ எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அது பெரும்பாலும் வாசிப்புக் கணக்கில்தான் போகும். ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் நேரே பெயர் போட்டுப் பாருங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி கோர்ட்டு வரை போனது. புரோகல் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' 1967-ல் வந்தது. அதில் வரும் ஆர்கன் இசை என்னுடையது, எனக்கும் பங்கு வேண்டும் என்று குழுவின் ஆர்கன்காரர் மேத்யூ ஃபிஷர் பல வருடம் கழித்து வழக்குப் போட்டார். 2006-ல் லண்டன் நீதிமன்றம் இசையில் 40 சதவீதம் அவருக்கு என்றது, மேல்முறையீடெல்லாம் தாண்டி 2009-ல் அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் அவர் பக்கமே தீர்ந்தது. பிங்க் ஃப்ளாய்டில் இன்னொரு கூத்து. 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் வரியே இல்லாமல் ஒரு பெண் குரல் அழுது உருகுமே, அது கிளேர் டோரி. அன்று அவருக்குக் கொடுத்தது 30 பவுண்ட் கூலி. 2004-ல் வழக்கு, அடுத்த வருடம் சமரசம், அதற்குப் பிறகுதான் குழுவின் கீபோர்டுகாரர் ரிக் ரைட்டோடு அவர் பெயரும் சேர்ந்தது. "வாசிச்சவனுக்குப் பங்கு கிடையாது" என்று யாராவது ஒரே போடாகப் போட்டால் இந்த இரண்டையும் எடுத்து விடுங்கள்.

அடுத்து, அந்த பேண்டில் பெயர் போடும் வழக்கம் என்ன என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் வாதாடுவது வீண். பீட்டில்ஸில் லெனன் எழுதினாலும் மெக்கார்ட்னி எழுதினாலும் இரண்டு பெயரும் சேர்ந்தே வரும். 'யெஸ்டர்டே' பதிவில் மற்ற மூன்று பேரும் இல்லவே இல்லை, ஆனாலும் லெனன்–மெக்கார்ட்னி என்றுதான் இருக்கும். அங்கே முன்னால் நின்று பாடுகிறவர்தான் பெரும்பாலும் எழுதினவர் என்று வைத்துக்கொள்ளலாம், குத்துமதிப்புதான். 'இன் மை லைஃப்' மெட்டு யாருடையது என்பதில் அவர்கள் இரண்டு பேர் ஞாபகமே ஒத்துப்போகவில்லை, அதை நாம் கடற்கரையில் உட்கார்ந்து தீர்க்க முடியாது, விட்டுவிடுங்கள். டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்றால் ஐந்து பேர் பெயரும் இருக்கும், ரிஃப் கிட்டார்காரர் பிளாக்மோருடையது, தலைப்பு பேஸ் வாசிக்கும் ரோஜர் க்ளோவருடையது. குயீனில் முதலில் ஆளாளுக்குத் தனித்தனிப் பெயர். 1989-ல் வந்த 'தி மிராக்கிள்' ஆல்பத்திலிருந்துதான் எல்லாம் "குயீன்". ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால், காசு! 'பொஹீமியன் ராப்சொடி' இசைத்தட்டின் மறுபக்கத்தில் டிரம்ஸ்காரர் ரோஜர் டெய்லர் எழுதிய, காரைப் பற்றிய பாட்டு இருந்தது. தட்டு விற்கிற ஒவ்வொரு தடவையும் 'ராப்சொடி'யை எழுதிய பாடகர் ஃப்ரெடி மெர்க்குரிக்குக் கிடைத்த அதே பங்கு டெய்லருக்கும் போனது. மற்றவர்களுக்கு வயிறு எரியாதா?

கிட்டார்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். "யாரு பெஸ்ட்" என்று கேட்காதீர்கள், விடியும்வரை முடியாது. சோலோவா, ரிதமா, ரிஃப்பா, சத்தத்தின் குணமா என்று கேள்வியைச் சுருக்குங்கள். அப்புறம் அதை வாசித்தது அவர்தானா என்று உறுதிப்படுத்துங்கள், இதில்தான் நிறையப் பேர் விழுவார்கள். 'டாக்ஸ்மேன்' பீட்டில்ஸின் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் பாட்டு, சோலோ வாசித்தது மெக்கார்ட்னி. 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' அதுவும் ஹாரிசன் பாட்டுதான், அழுகிற கிட்டார் வெளியிலிருந்து வந்த எரிக் கிளாப்டனுடையது, தட்டில் அவர் பெயர்கூடப் போடவில்லை.

வேகத்தை வைத்து மார்க் போடுகிறவரிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: அந்த சோலோவை வாயால் பாடிக் காட்டு மக்கா. பிங்க் ஃப்ளாய்டின் 'கம்ஃபர்டப்ளி நம்' சோலோவை எங்கள் ஏழு பேரும் முழுசாகப் பாடுவோம், கிட்டார்காரர் டேவிட் கில்மோர் அதில் ஒரு கம்பியை இழுத்துப் பிடித்து நிறுத்துகிற இடத்தில் எல்லாருக்கும் கண் மூடும். (அந்தப் பாட்டின் வரி ரோஜர் வாட்டர்ஸ், இசை கில்மோர். மேலே சொன்ன தாளில் எழுதிப் பழக நல்ல பாட்டு.) என் ஓட்டு ஆனாலும் குயீனின் பிரையன் மேக்குத்தான். அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரத்தில் கழுத்தைச் செதுக்கித் தன் கிட்டாரைத் தானே செய்து, பிளாஸ்டிக் பிக்கை விட்டுவிட்டு ஆறு பென்ஸ் காசால் மீட்டுகிற ஆளை எப்படி இரண்டாவதாக வைப்பது?

இன்னொன்று, ஃபோன் ஸ்பீக்கரில் போட்டு நிரூபிக்கப் பார்க்காதீர்கள், கடல்காற்றில் பேஸ் ஒன்றுமே கேட்காது. கையில் கிட்டார் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃப்பை ஒற்றைக் கம்பியில் தட்டுகிறவன், பிளாக்மோர் அதை இரண்டிரண்டு சுரமாக, பிக் இல்லாமல் விரலால் பிடுங்குகிறார் என்று கேட்டதும் பாதியில் வாயை மூடிவிடுவான்.

தோற்றவர் சாயாக் காசு கொடுக்க வேண்டும் என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ஜோ வால்ஷ் புண்ணியத்தில் அன்றைக்கு ஏழு சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் என் கணக்கு.