சிங்கப்பூரிலிருந்து முதல் மான் வேட்டைக்கு: எங்கே தொடங்குவது?

சிங்கப்பூரில் மான் வேட்டைக்கு இடமில்லை. மண்டாய்ப் பக்கம் கடமான்கள் உண்டு. அவற்றைச் சட்டம் காக்கிறது, காக்கவும் வேண்டும். வேட்டை கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்களை நான் நியூசிலாந்துக்குத்தான் போகச் சொல்வேன். மான் அந்த மண்ணின் விலங்கு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் கொண்டுவந்து விட்டது. பிடித்துத் தின்னப் புலியோ ஓநாயோ இல்லாமல் பெருகி, காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்து தீர்க்கிறது. அதனால் அங்கே வேட்டைக்கு அரசே அனுமதி தருகிறது.

முதலில் தேதி. மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை செம்மான் இணைசேரும் காலம். ஆண் மான்கள் பள்ளத்தாக்கே அதிர முழங்கும். எங்கே நிற்கிறது என்று காதே சொல்லிவிடும். ஆனால் வேட்டைக்காரர்கள் கூட்டமும் அப்போதுதான் அதிகம். அதில் உள்ள ஆபத்தைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது வழிகாட்டி. இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். துப்பாக்கி உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று கண்காணித்தால், உரிமம் இல்லாதவரும் அங்கே சுடலாம். துப்பாக்கியும் அவரே தருவார். தனியார் நிலமா, அரசுக் காடா என்று கேளுங்கள். அரசுக் காடு என்றால் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும்; இணையத்தில் இலவசமாகவே வாங்கலாம். நேஷனல் சர்வீஸில், அதாவது கட்டாய ராணுவ சேவையில், சுட்ட பழக்கம் உதவும், ஆனாலும் முதல் நாள் இலக்கு அட்டையில் சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குள் போகக் கூடாது.

அப்புறம் கால்கள். நம் புக்கிட் தீமா குன்று வெறும் 163 மீட்டர். அங்கே ஒரு காலைப் பொழுதிலேயே அதைப்போல் மூன்று நான்கு ஏற வேண்டியிருக்கும். முதுகில் 10 கிலோ பையோடு வாரம் மூன்று நாள் உங்கள் அடுக்குமாடி புளோக் படிக்கட்டில் ஏறுங்கள். இறங்கவும் செய்யுங்கள், முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான். பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் குளிர் எலும்புவரை போகும். கம்பளி நூல் உள்ளாடை, மேலே பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி. மான் கண்ணுக்கு ஆரஞ்சு எடுப்பாகத் தெரியாது, மனிதக் கண்ணுக்குத் தெரியும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மான் என்று நினைத்து மனிதரைச் சுட்ட துயரங்கள் அங்கே நடந்திருக்கின்றன. புதர் அசைந்தது, பழுப்பாக ஏதோ தெரிந்தது என்பதெல்லாம் போதாது. தலை, கழுத்து, தோள் என முழு உருவமும் தெரிய வேண்டும். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். அதுவரை விரல் விசைக்குப் போகக் கூடாது. மான் பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே குறிவையுங்கள். நுரையீரலும் இதயமும் அங்கேதான். உயிர் சட்டென்று போகும். கோணம் சரியில்லையா, விட்டுவிடுங்கள். காயத்தோடு ஓடும் மான் எங்கோ கிடந்து துடிக்கும். வெறுங்கையோடு திரும்புவதில் ஒரு குறையும் இல்லை.

கிடைத்துவிட்டால் குடலை உடனே எடுத்து, இறைச்சியை ஆறவிட வேண்டும். வழிகாட்டி சொல்லித் தருவார். அன்றிரவே ஈரலை மிளகு போட்டு வறுங்கள். மிளகுத்தூளை இங்கே தேக்காச் சந்தையில் வாங்கி, பிரிக்காத பாக்கெட்டாகப் பெட்டியின் மேலேயே வையுங்கள். பச்சைக் கறிவேப்பிலையை இங்கேயே விட்டுவிடுங்கள். விமான நிலையப் படிவத்தில் உணவு, காலணி இரண்டையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். தவறினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். காலணி அடியில் ஒட்டிய நம்மூர் மண்ணைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.