காசு போட்டால் ஆடும் பழைய மெஷின்கள்: ஆர்வத்தில் செய்துவிடும் தவறுகள்

காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் படம் போட்ட உருளைகள் சுழலும் சூதாட்டப் பெட்டிதான் ஸ்லாட் மெஷின். நூறு வருடம் தாக்குப்பிடித்த ஸ்லாட் மெஷினுக்குப் பெரிய கண்டம், அது புது வீட்டுக்கு வந்து சேரும் முதல் வாரம்தான். வாங்கியவருக்குக் கை பரபரக்கும். ஒரு காசைப் போட்டு இழுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றும்.

கைப்பிடி இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். உள்ளே விழும் காசுதான் பூட்டை விடுவிக்கிறது. இழுக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறி உருளைகளைச் சுழற்றிவிடுகிறது. அப்புறம் சேகரிப்பாளர்கள் ‘கிளாக்’ என்று சொல்லும், சிறு விசிறி பொருத்திய பாகம், நேரத்தை அளந்து உருளைகளை ஒவ்வொன்றாக நிற்க வைக்கிறது. அந்த விசிறியின் அச்சில் பல வருட எண்ணெய் தாராக உறைந்திருக்கும். நடுவில் சிக்கிக்கொண்ட மெஷினை மறுபடி இழுத்தால் நெம்புகோல் வளையும், இல்லாவிட்டால் பல் உடையும். உதிரி பாகம் கடையில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. பின்கதவைத் திறந்தால், பெரும்பாலான ஸ்லாட் மெஷின்களில் இயந்திரப் பகுதியை முழுசாக வெளியே எடுத்துவிடலாம். பழைய பிசுக்கைக் கரைத்துத் துடைத்துவிட்டு, அச்சுகளில் மட்டும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். காசு உருளும் பாதையில் எண்ணெயே படக்கூடாது.

டபிள்யூ.டி.40 ஸ்ப்ரேயை அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. கரைப்பான் ஆவியாகிப் போனதும் மிஞ்சுகிற எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பந்தைத் தட்டி விளையாடும், மின்சாரத்தில் ஓடும் பழைய பின்பால் மெஷினில் இது இன்னும் மோசம். அங்கே தொடுமுனைகளில் தீப்பொறி பறக்கும், ஸ்ப்ரேயோ தீப்பற்றக்கூடியது.

பின்பால் என்றதும் இன்னொன்று. பிளக்கைச் செருகுவதை ஒத்திப்போடுங்கள். துணி சுற்றிய, ரப்பர் உறை போட்ட பழைய ஒயர் தொட்டாலே உதிரும். பல மெஷின்களில் எர்த் இணைப்பே கிடையாது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஈயத்தாளைச் சுற்றி வைத்திருப்பார்கள், இல்லையென்றால் இரண்டு மடங்கு பெரிய பியூஸைப் போட்டிருப்பார்கள். ஒரு சுவிட்ச் ஒட்டிக்கொண்டு, பாகங்களை அசைக்கும் கம்பிச் சுருளான காயிலுக்கு மின்சாரம் விடாமல் பாய்ந்தால், அணைக்க வேண்டிய பியூஸ் சும்மா இருக்கும், காயில் புகையும். எனவே எல்லா பியூஸையும் கழற்றி, அளவு பார்த்து, சரியானதைப் போட்ட பிறகே மின்சாரம்.

மேலே எரியும் படக்கண்ணாடியைத் துடைப்பதிலும் கவனம் வேண்டும். படம் கண்ணாடியின் உட்புறத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. ஈரத்துணியை அந்தப் பக்கம் ஓட்டினால் உரிந்து நிற்கும் வண்ணம் துணியோடு வந்துவிடும். உரியக் காரணம் பெரும்பாலும் பல்புகளின் சூடு. 44ஆம் எண் பல்பு 250 மில்லியாம்பியர் இழுக்கும், அதே 6.3 வோல்ட்டில் எரியும் 47ஆம் எண் பல்புக்கு 150 போதும். வெளிச்சம் கொஞ்சம் குறையும். குறையட்டுமே.

பளபளப்பு மோகம் அடுத்தது. நிக்கல் முலாம் மெல்லியது. பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் கீழே இருக்கும் உலோகம் எட்டிப் பார்க்கும். மரப்பெட்டியைத் தேய்த்துப் புது வார்னிஷ் பூசினால் பழைய மேற்பூச்சு போயே போய்விடும்; விவரம் தெரிந்தவர்கள் அதற்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். துத்தநாகக் கலவை வார்ப்புகளில் வெடிப்பும் வீக்கமும் தெரிந்தால், அது உலோகத்தில் கலந்த ஈயம் போன்ற அசுத்தத்தின் வேலை. திருப்ப முடியாது. ஈரம் படாமல் வைத்து, ஸ்குரூவை இறுக்காமல் விடுவதுதான் வழி.

அட்டைகளை வேகமாகப் புரட்டி அசையும் படம் காட்டும் மியூட்டோஸ்கோப் கையில் கிடைத்தால், அதன் உருளையில் உள்ள சுமார் 850 புகைப்பட அட்டைகளை விரலால் புரட்டிப் பார்க்காதீர்கள். மடிந்த மூலை மறுபடி நிமிராது.

எனக்குக் கோபம் வருவது காசுத் துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்குகிறவர்கள் மேல்தான். 1971இல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியபோது பழைய பென்னி மெஷின்களுக்குப் பொருந்தும் காசு புழக்கத்தில் இல்லாமல் போனது. ஆனால் பழைய பென்னிகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் சுலபமாகக் கிடைக்கின்றன. ஒரு பை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் முடிந்தது. அதற்காக மெஷினை அறுப்பார்களா?

வாங்குவதற்கு முன் டார்ச்சோடு குனிந்து பாருங்கள். 1905இல் செய்தது என்று சொல்லும் மெஷினில் ஸ்டார் ஸ்குரூ இருந்தால், பிற்காலத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்; அந்த ஸ்குரூ 1930களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. அசலை அச்சாக வைத்து வார்த்த நகல் சற்றுச் சிறியதாக இருக்கும், உலோகம் ஆறும்போது சுருங்குவதால். சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த, ஸ்லாட் மெஷின்களின் முன்னோடியான லிபர்ட்டி பெல் என்று சொல்லி யாராவது நீட்டினால் இரட்டைச் சந்தேகம் நல்லது. அசல் மிக அரிது, நகல்கள் ஏராளம்.

சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஸ்லாட் மெஷினை வீட்டில் வைத்திருக்கும் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 25 வருடத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் சேகரிப்பாளருக்குச் சலுகை உண்டு, சூதாட்டத்துக்குப் பயன்படுத்தாதவரை. “பழசுதானே, ஒன்றும் ஆகாது” என்று விற்பவர் சொல்வதை வைத்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.