ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டு விளையில் இரண்டு நாள் வேலை

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழை. இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) பிடிக்கும் தென்மேற்கு மழை புரட்டாசியில் தளரும். ஐப்பசி பிறந்ததும் வடகிழக்கு வந்து சேரும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் ஒரு சனி, ஞாயிறில் செய்யவேண்டிய வேலைகளைத்தான் எழுதுகிறேன். அப்பா அம்மாவின் விளையை, அதாவது வீட்டுத் தோட்டத்தை, புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்கும், வெளியூர் வேலையை விட்டுவிட்டு 10 சென்ட், 20 சென்ட் நிலத்தோடு ஊரில் குடியேறியவர்களுக்கும் இது உதவும். எங்களுடையது கல்குளம் பக்கத்தில் சரிவான செம்மண் விளை, 25 சென்ட்.

ஐப்பசி மழையின் குணம் வேறு. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். உச்சை தாண்டியதும் மலைப்பக்கம் கறுத்து, இடியோடு ஒரே கொட்டாகக் கொட்டும். அதனால் ஏணி வைத்துச் செய்யும் வேலை, மருந்தடிப்பு, மரத்தில் ஏறும் வேலை எல்லாம் மதியத்துக்கு முன்னாலேயே முடிந்தாக வேண்டும். தென்னைக்கு அடியில் நிற்கும்போது இடி கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள்.

எந்த வேலையைத் தொட்டாலும் கேட்டுக்கொள்ள ஒரே கேள்விதான்: இந்த இடத்தில் தண்ணீர் நிற்க வேண்டுமா, ஓட வேண்டுமா?

வெள்ளி சாயங்காலம்: எடுத்து வையுங்கள்

மம்பட்டி, வெட்டுக்கத்தி, கடவம் (ஓலைக் கூடை), கயிறு, கையுறை, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். பூட்ஸ் இல்லாமல் ஓடையில் இறங்க வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகப் போனாலே எலிக்காய்ச்சல் வரும். காலில் புண் இருந்தால் அந்த வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள். சருகுக் குவியலில் வெறுங்கையை விடாமல் முதலில் கம்பால் கிளறுங்கள். அடியில் பாம்பு கிடக்கலாம்.

சனி காலை: கூரையும் ஓடையும்

மேலிருந்து கீழே வருவதுதான் முறை. ஓட்டு வீடு என்றால் உடைந்த ஓட்டை மாற்றி, கூரை ஓரத்துத் தகரப் பாத்தியில் கிடக்கும் சருகை வாரிவிடுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது குழாய் வழியாக முழுவதும் இறங்குகிறதா என்று பாருங்கள். மின்கம்பியைத் தொடும் கொப்பு இருந்தால் நீங்கள் வெட்டாதீர்கள். மின்வாரியத்தில் சொல்லுங்கள்.

அடுத்தது ஓடை. விளையின் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லை வரை நடந்து, மண் மூடிய இடங்களைத் தோண்டிவிடுங்கள். சரிவு நிலத்தில் மண் சரியாமல் கல்லடுக்கிக் கட்டிய கையாலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கல்லுக்கு இடையில் தண்ணீர் கசிந்து வெளியேறும் ஓட்டைகள் அடைபட்டிருந்தால் பின்னால் உள்ள மண் ஊறி, கையாலை மொத்தமாகச் சரிந்துவிடும். கம்பியை விட்டுக் குத்தி அவற்றைத் திறந்துவிடுங்கள்.

முதல் வருடம் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். சுத்தமாக இருக்கட்டும் என்று விளை முழுவதையும் கூட்டி, சருகையெல்லாம் எரித்துவிட்டேன். அடுத்த வாரம் பெய்த மழையில் மேல்மண் சிவப்புக் குழம்பாகச் சாலைக்கு ஓடியது. பக்கத்து வீட்டு அக்கா, “மக்களே, சருகுதான் மண்ணுக்குப் புதப்பு, அதையா எரிச்ச?” என்று வருத்தப்பட்டார். அதன்பிறகு எங்கள் விளையில் சருகுக்குத் தீ வைத்ததில்லை.

சனி பத்து மணிக்கு மேல்: தென்னை

தேங்காய் வெட்ட வருபவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, மண்டையைச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். காய்ந்த மட்டை, கொதும்பு, பன்னாடை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். பச்சை ஓலையை வெட்டக் கூடாது. காண்டாமிருக வண்டு துளைத்த மரமாக இருந்தால், உள்ளே இருக்கும் மூன்று மட்டைகளின் இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து 150 கிராம் வைக்கச் சொல்லுங்கள். பழக்கமில்லாதவர்கள் தென்னையில் ஏறிப் பழகுவதற்கு இது காலமில்லை. தடி முழுக்கப் பாசி வழுக்கும்.

பிறகு தடம். மரத்தைச் சுற்றி ஆறு அடி தூரத்துக்கு மண்ணை மேலோட்டமாகக் கிளறி, வெளி விளிம்பில் வரப்பு மாதிரி உயர்த்துங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்குக் கீழ்ப்பக்க வரப்பு உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் போட்ட உரம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். காய்க்கும் தென்னைக்கு வருடத்துக்குத் தொழுவுரம் 50 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ வேண்டும். இதில் பாதியை நான் இப்போது போடுவேன். யூரியா, பொட்டாஷ் மாதிரியான உரங்களை அடைமழையில் போட்டால் கரைந்து ஓடிவிடும். அவற்றை மார்கழி, தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கதம்பையை (தேங்காய் மட்டையை) வீணாக்காதீர்கள். அதை வைக்கும் விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தடத்தின் மேல் மூடாக்காகப் பரப்பினால் முதுகு மேலே பார்க்க வேண்டும். அப்போதுதான் அதில் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடாது. குழி தோண்டி மண்ணுக்குள் புதைத்தால் குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும். அப்போது அது மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, கோடையில் வேருக்குக் கொடுக்கும். ஒரே கதம்பைதான். மண்ணுக்கு மேலே தண்ணீர் நிற்கக் கூடாது, உள்ளே நிற்க வேண்டும்.

சனி மதியம்: வாழை

மட்டி, செவ்வாழை, ஏத்தன் எதுவானாலும் காய்ந்து தொங்கும் இலையை அறுத்து மூட்டிலேயே (வாழை அடியிலேயே) போடுங்கள். பக்கக் கன்றில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். மூட்டைச் சுற்றி மண் அணையுங்கள். வாழை மூட்டில் தண்ணீர் கட்டி நிற்கக் கூடாது. குலை தள்ளியதற்கு முட்டுக் கொடுங்கள். இரண்டு கம்பை மேல்முனையில் கத்திரி மாதிரிக் குறுக்கே கட்டி, வாழை சாயும் பக்கத்தில் குலைக் கழுத்துக்குக் கீழே தாங்கலாக நிறுத்த வேண்டும். கயிறு தண்டை அறுக்காமலிருக்க நடுவில் வாழைச் சருகை மடித்து வையுங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் விளையில் ஒரு வாழைகூட நிற்கவில்லை. அந்த மாதிரிக் காற்றுக்கு எந்த முட்டும் தாங்காது. ஆனால் சாதாரண ஐப்பசிக் காற்றில் விழும் குலைகளை ஒரு கம்பு காப்பாற்றிவிடும். அதற்காகவே நான் இந்த வேலையைத் தவறவிடுவதில்லை.

ஞாயிறு காலை: நல்லமிளகு (குறுமிளகு) கொடி

தண்ணீர் தேங்கினால் நல்லமிளகுக் கொடி ஒரே வாரத்தில் கறுத்து வாடிவிடும். இந்த வாடல் நோய்க்குக் காரணமான பூஞ்சைக்கு ஈரம்தான் வாழ்வு. கொடி மூட்டிலிருந்து தண்ணீர் விலகி ஓட வழி செய்யுங்கள். தரையில் படரும் கொடியை எடுத்து மரத்தோடு கட்டுங்கள். பிறகு 1 சதவீத போர்டோ கலவை அடியுங்கள்.

கலக்கும் முறை: துரிசு (மயில்துத்தம்) 100 கிராமை 5 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். இன்னொரு வாளியில் சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை நீற்றி, 5 லிட்டர் பாலாக்குங்கள். ஆறிய பிறகு துரிசுத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருங்கள். மாற்றி ஊற்றாதீர்கள். வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்பு வேண்டாம். கலந்ததும் பளபளப்பான ஒரு இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். ஒட்டாவிட்டால் சரி. அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வைத்தால் பலன் இல்லை.

கொஞ்சம் மரச்சீனி (மரவள்ளி)

இடம் மிச்சம் இருந்தால் இப்போது நடலாம். முற்றிய கம்பின் நடுப்பகுதியை ஒரு சாண் அளவு வெட்டி, கண்கள் மேல்நோக்க, கூனையில் (குவித்த மண்மேட்டில்) இரண்டு விரல் ஆழம் செங்குத்தாக ஊன்றுங்கள். கூனைக்குக் கூனை மூன்று அடி. மேடாக இருந்தால் கிழங்கு அழுகாது.

ஞாயிறு மதியம்: சிரட்டை, தொட்டி, கிணறு

ரப்பர் நிற்கும் விளையில் பால் வெட்டாத மரத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். பழைய டயர், பூத்தட்டு, மூடாத தொட்டி எல்லாவற்றையும் பாருங்கள். கொசு முட்டை பொரிந்து பறக்க ஏழெட்டு நாள் போதும். அதனால் இதை மட்டும் மழைக்காலம் முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் செய்ய வேண்டும்.

கிணற்றுக்குள் ஓடைத் தண்ணீர் இறங்காதபடி சுற்றுச்சுவர் வெடிப்பைச் சிமென்ட் பூசி அடையுங்கள். பிறகு பிளீச்சிங் பவுடர். அளவு கணக்குப் போட்டுத்தான் போட வேண்டும். கிணற்றின் குறுக்களவில் பாதியை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கினால் கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். எங்கள் கிணறு 2 மீட்டர் அகலம், தண்ணீர் 3 மீட்டர். ஏறக்குறைய 9,400 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 24 கிராம் பவுடர். அதை வாளியில் குழைத்துத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் கிணற்றில் விட்டு வாளியால் அலசுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை ஊற்றாதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் தொடக் கூடாது. நாங்கள் இரவு செய்துவிட்டுக் காலையில்தான் இறைப்போம்.

முதல் மழை பெய்து ஓயும்போது

இடி ஓய்ந்து தூறல் மிஞ்சியிருக்கும் நேரத்தில் குடையோடு விளையைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வரப்பு உடைகிறது, கையாலையில் எந்த ஓட்டையிலிருந்து கலங்கலாக வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். தேங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு வாருங்கள். அடுத்த சனிக்கிழமை மம்பட்டியோடு முதலில் போகவேண்டியது அந்தக் குச்சிகளிடம்தான்.