காப்பகம் நடத்த வருகிறவர்கள் செய்யும் தவறுகள், அதிலும் அந்தக் குறைத்துப் போட்ட பட்ஜெட்

போன மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்திலுள்ள வெருலத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் நாலு இளம்பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அடி தாங்காமல் பிள்ளைகளோடு வெளியே வரும் பெண்களுக்கு ஒரு காப்பகம் தொடங்கப் போகிறார்கள். வீடு பார்த்தாகிவிட்டது, பதிவும் ஆகிவிட்டது. நிதி கேட்டு அனுப்ப வேண்டிய பட்ஜெட்டை என் கையில் கொடுத்து, "ஆன்ட்டி, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். ஏழாவது வரியில் என் கண் நின்றுவிட்டது. "இரவுப் பணி: தன்னார்வலர்கள். செலவு: 0." அதே வரியை, அதே சுழியத்தோடு, பல வருஷத்துக்கு முன்னால் டர்பன் சாட்ஸ்வர்த்தில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து நானும் எழுதியிருக்கிறேன்.

ரசீதுகளைப் பத்திரப்படுத்து, வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து வை என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே எழுதுவது நல்ல மனசோடும் கடும் உழைப்போடும் வருகிறவர்கள் செய்கிற தவறுகளை. பெரும்பாலானவற்றை நானே செய்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் நாமே செய்வோம் என்பது

காசு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கால் போகும். ஒரு வருஷம் தையல் பயிற்சிக்குப் பணம் தருகிறார்கள், அடுத்த வருஷம் போதை ஒழிப்புக்கு, அதற்கடுத்த வருஷம் குடும்ப ஒற்றுமைக்கு. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஆபத்தை எடைபோடத் தெரிந்த ஒரே பணியாளர் தையல் வகுப்புக்கு வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருப்பார்.

இந்த வேலைக்கென்று ஒரு தனித் தேர்ச்சி உண்டு. பெண் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று ஊர் நினைக்கும். உண்மையில் அவள் கிளம்ப முடிவு செய்கிற நேரமும் கிளம்பின முதல் சில வாரங்களும்தான் உயிருக்கே ஆபத்தானவை. இது தெரியாதவர்கள் "புருஷனையும் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்போமே" என்பார்கள். குடும்ப ஒற்றுமைப் பணம் வாங்கின வருஷம் நாங்களே அப்படி ஒரே அறையில் இரண்டு பேரையும் உட்கார வைத்தோம், ஒப்பந்தத்தில் கூட்டு ஆலோசனை என்று போட்டிருந்ததால். அந்தப் பெண் அவன் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பயத்தில் ஆட்டுகிறாள் என்பது எனக்குப் புரிய அரைமணி நேரம் ஆனது. மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

சட்டமும் வளர்ந்துகொண்டே போகிறது. 1998-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு 2021-ல் வந்த திருத்தம் 14 ஏப்ரல் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. மிரட்டிப் பணியவைப்பதும் ஒருவரின் வாழ்க்கையைக் கட்டுப்படுத்துவதும்கூட இப்போது அதில் அடக்கம். கொடுமை செய்கிறவனைத் தடுத்து கோர்ட் தருகிற பாதுகாப்பு உத்தரவுக்கு இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். இதையெல்லாம் ஒரு பெண்ணுக்குப் புரியவைத்து, அவளோடு கோர்ட்டுக்குப் போய் நிற்க, அதையே வேலையாகக் கொண்ட ஆள் வேண்டும். பத்து வேலையில் ஒன்றாக இதைச் செய்ய முடியாது.

"குறைந்த செலவில் முடித்துவிடுவோம்"

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆத்திரம் வருகிற தவறு இது.

எங்கள் முதல் விண்ணப்பத்தை எழுதும்போது, செலவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நேர்மை என்று நினைத்தேன். நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. கோயில் வேலைக்கு யாரும் கூலி வாங்குவதில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சுகிற நாளில் விடியற்காலை மூன்று மணிக்கே பெரியம்மாக்கள் வந்து அண்டாவுக்கு முன்னால் நிற்பார்கள், காவடிக்கும் அப்படித்தான். பொதுக்காசில் சம்பளம் எடுப்பது பாவம் என்று ஆயா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பழக்கத்தை அப்படியே காப்பகத்துக்குள் கொண்டுவந்தேன். கஞ்சி ஒரு நாள். காப்பகத்துக்கு வருஷத்தில் 365 ராத்திரி.

உண்மைச் செலவு நூறு ராண்ட் என்றால் நான் காட்டியது அறுபது. மிச்ச நாற்பதில் என்ன இருந்தது? இரவில் விழித்திருக்கும் பணியாளரின் சம்பளம். பொது விடுமுறை நாளில் வேலை பார்த்தால் சட்டப்படி தர வேண்டிய இரட்டைக் கூலி. அலாரம், காவல் நிறுவனத்தின் மாதக் கட்டணம். மின்வெட்டு வந்தால் கேட் மோட்டாரும் அலாரமும் செத்துப்போகும் என்பதால் தேவைப்பட்ட இன்வர்ட்டர். கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வரப் பெட்ரோல். தணிக்கையாளர் கட்டணம். அப்புறம், நாள் முழுக்கக் கொடுமைகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆலோசகர் தன் பாரத்தை இறக்கிவைக்கவும் தன் முடிவுகளைச் சரிபார்த்துக்கொள்ளவும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டிய மூத்த ஆலோசகருக்கான தொகை. இவை எல்லாமே "நிர்வாகச் செலவு", கேட்டால் அசிங்கம் என்று நினைத்தேன்.

பணம் வந்தது. இனிப்பு வாங்கிக் கொண்டாடினோம்.

முதல் சில மாதம் ஓய்வுபெற்ற பெண்கள் முறைவைத்துப் படுக்க வந்தார்கள். குளிர்காலம் வந்ததும் ஒருவருக்குச் சுகர் ஏறியது, இன்னொருவர் மருமகளுக்குப் பிரசவம், மூன்றாமவர் வீட்டுக்காரர் இனிப் போகாதே என்றுவிட்டார். ஆகஸ்டுக்குள் வாரத்தில் நாலு ராத்திரி நானே படுத்தேன். அப்படி ஓர் இரவு நான் இல்லாதபோது, புதிதாக வந்த ஒரு நல்ல மனுஷி காவலுக்கு இருந்தார். பயிற்சி கொடுக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. போன் வந்தது. "அண்ணன் பேசுகிறேன், தங்கச்சி பத்திரமாக இருக்கிறாளா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று அழுதான் ஒருவன். இருக்கிறாள், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டார் அவர். பேசினவன் அண்ணன் இல்லை. காலையில் கேட்டுக்கு வெளியே நின்றான். அன்றைக்கே அந்தப் பெண்ணையும் இரண்டு பிள்ளைகளையும் வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று, சின்னவன் புதுப் பள்ளியில் சேர்ந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. அந்த அம்மாளை நான் குறை சொல்லவே மாட்டேன். அந்தச் சுழியத்தை எழுதியது நான்.

இரண்டாம் வருஷம் உண்மைக் கணக்கோடு போனேன். எதிரே இருந்த அதிகாரி எங்கள் ஆண்டறிக்கையைப் புரட்டி, அமைதியாக, "போன வருஷம் இதே வேலையை இந்தப் பணத்திலேயே செய்திருக்கிறீர்களே" என்றார். பதில் இல்லை. எவ்வளவு சிக்கனமாக நடத்தினோம் என்று அந்த அறிக்கையில் நானே பெருமையாக எழுதியிருந்தேன். நான் பொய்யாகப் போட்ட அறுபது எங்களுக்கு உச்சவரம்பு ஆகிவிட்டது. இதைவிட என்னைக் குடைவது இன்னொன்று: எங்களுக்கு ரொம்ப முன்னாலிருந்தே ஒழுங்காக நடந்துவந்த ஒரு காப்பகத்திடமும் அதே எண்ணைக் காட்டி, "அவர்களால் முடிகிறதே" என்று கேட்டிருக்கிறார்கள். என் சிக்கனம் அவர்கள் சம்பளத்தையும் வெட்டியது.

எங்கள் சமூகப் பணியாளர் இரண்டு வருஷத்தில் அரசாங்க வேலைக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் அதிகம், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேறென்ன செய்வார். ஆனால் அவர் போன வாரம் காப்பகத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணும், ஒருமுறை சொல்லவே உயிர் போன விஷயங்களை, புதிதாக வந்த இன்னொரு முகத்திடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இதில் சட்டம் நம் பக்கம் பேசியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து தங்கள் மாகாண சமூக மேம்பாட்டுத் துறையின் மேல் வழக்குப் போட்டன. 2010-ல் ப்ளூம்ஃபொன்டைன் உயர் நீதிமன்றம், அரசு தானே செய்யக் கடமைப்பட்ட வேலையைத்தான் இந்த நிறுவனங்கள் செய்கின்றன, அவற்றுக்குப் பணம் ஒதுக்கும் கொள்கை நியாயமாக இல்லை, மாற்றி எழுது என்றது. நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கொள்கை வர 2014 ஆயிற்று. விண்ணப்பம் எழுதும்போது இது நினைவில் இருக்கட்டும். அரசு செய்ய வேண்டிய ஒரு வேலையை அதன் சார்பில் செய்ய முன்வருகிறீர்கள், அதற்கு ஆகும் செலவைச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

சரி, எப்படி எழுதுவது? ஒரு படுக்கைக்கு ஓர் இரவுக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள், வாடகையிலிருந்து தணிக்கைக் கட்டணம் வரை எல்லாம் சேர்த்து. தன்னார்வலர் நேரத்துக்குச் சுழியம் போடாதீர்கள். அதே வேலைக்கு வெளியே என்ன கூலியோ அதைப் போட்டு, "நாங்கள் தரும் பங்கு" என்று தனி வரியில் காட்டுங்கள். கேட்டதைவிடக் குறைவாகத் தந்தால், அந்தப் பணத்துக்கு எத்தனை படுக்கை என்று கடிதமாகவே எழுதிக் கொடுங்கள். நாங்கள் பன்னிரண்டை எட்டாகக் குறைத்தபோது கமிட்டியில் பெரிய சண்டை. வாசலில் வந்து நிற்கிற பெண்ணை எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, எனக்கு இன்றைக்கும் அதற்கு முழுப் பதில் கிடையாது. வேறு காப்பகத்துக்கு போன் போட்டு இடம் வாங்கித் தருவோம், அவர்கள் வந்து கூட்டிப்போகும் வரை கூடவே இருப்போம். இடமில்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், பெயர் போடாமல், தேதியோடும் பிள்ளைகள் எண்ணிக்கையோடும் ஒரு நோட்டில் எழுதிவைத்தோம். அடுத்த வருஷம் அந்த அதிகாரி முன்னால் நான் வைத்த காகிதங்களில் அவர் நின்று படித்தது அந்த நோட்டு ஒன்றைத்தான்.

பதினாறு நாள் காசு

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான பதினாறு நாள் இயக்கத்தின்போது, எல்லோருக்கும் நம் நினைவு வரும். ஆகஸ்ட் 9 மகளிர் தினத்துக்கும் அப்படியே. டி-ஷர்ட், பந்தல், மெழுகுவத்தி, மதிய உணவு. டிசம்பர் 11 அன்று கையில் பேனர் இருக்கும், காசு இருக்காது. எங்கள் போன் அதிகமாக அடிப்பதோ அதற்கப்புறம்தான், விடுமுறையும் போனஸும் குடியும் சேர்கிற வாரங்களில்.

பந்தலுக்குத் தருகிற கம்பெனியிடம், அதே தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் தர முடியுமா என்று கேளுங்கள். அரசின் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் கம்பெனிகளுக்குப் போடும் புள்ளிகளுக்காக வரி கழித்த லாபத்தில் 1 சதவீதத்தைச் சமூகப் பணிக்குத் தருவது பல கம்பெனிகளின் இலக்கு. அவர்கள் நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே போய் நில்லுங்கள், கடைசி வாரத்தில் போனால் மிச்சம் மீதிதான்.

முகவரி

யாருக்கும் சொல்லாதீர்கள். நன்கொடையாளருக்கும்தான். கேட் தெரிகிற போட்டோவும் முகவரிதான். பாதுகாப்பு உத்தரவில்கூட, அவசியம் இல்லாவிட்டால் பெண்ணின் முகவரியை எழுதக்கூடாது என்று சட்டமே வைத்திருக்கிறது.

அவள் கதையை விற்பது

நிதி கேட்கும் மேடையில் பேச ஒரு பெண்ணைக் கூட்டிப்போகாதீர்கள். நம் வீட்டில் தங்கியிருக்கும்போது "வரமாட்டேன்" என்று அவளால் சொல்ல முடியாது, அவள் சம்மதித்தாள் என்பதற்கு அங்கே அர்த்தமே இல்லை. பெயரை மாற்றி எழுதினாலும் போதாது. டர்பனில் நம் ஜனம் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எந்த ஊர், எத்தனை பிள்ளை, புருஷனுக்கு என்ன வேலை என்று மூன்று விவரம் போட்டால், இன்னார் மகள் என்று அடுத்த கல்யாணத்தில் சொல்லிவிடுவார்கள். செலவையும் அந்த நோட்டையும் காட்டிக் கேளுங்கள், அழ வைத்துக் கேட்க வேண்டாம்.

ஏப்ரல்

அரசாங்கத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கும். பணமும் அன்றே வரும் என்று நினைத்துச் சம்பளத் தேதி குறிக்காதீர்கள். 2024-ல் கௌட்டெங் மாகாணத்தில் எத்தனையோ தொண்டு நிறுவனங்கள் மானியத்துக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. வெளிநாட்டுப் பணமும் நிரந்தரம் இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியபோது, அதை நம்பி இருந்தவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கவில்லை.

மூன்று மாதச் சம்பளம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். சேர்க்க எங்களுக்கு ஆறு வருஷம் பிடித்தது. ஆடிக் கஞ்சி உண்டியல், மாதம் ஐம்பது ராண்ட் வங்கியிலிருந்து தானாகக் கழிகிற மாதிரி கையெழுத்துப் போட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இப்படித்தான் சேர்ந்தது. தீபாவளிக்குப் பழைய துணி கொண்டுவருகிறவர்களிடம், ஒரு மாத மின்சார டோக்கன் வாங்கித் தாருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். தருவார்கள்.

பதினெட்டு-ஏ ரசீது

நன்கொடையாளர் வரிக்கழிவு பெற, வருமான வரிச் சட்டத்தின் 18A பிரிவின்படி நாம் தரும் ரசீது இது. 2023 மார்ச் முதல் அதில் நன்கொடையாளரின் அடையாள எண்ணும், இருந்தால் வரி எண்ணும் வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு வரிக்கழிவு கிடைக்காது, அடுத்த வருஷம் அவர் வரமாட்டார்.

ஆண்டறிக்கை

நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், தொண்டு நிறுவனமாக நம்மைப் பதிவு செய்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் பதிவே போகும்.

எல்லாம் ஒருவர் தலையில்

கடவுச்சொல், ஒப்பந்தம், கோர்ட் குமாஸ்தாவோடு பழக்கம் எல்லாம் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் படுத்துக்கொள்ளும் நாளில் காப்பகமும் படுத்துவிடும். எனக்கு ஆபரேஷன் ஆனபோது மானியத் தவணை கேட்கும் படிவம் மூன்று வாரம் என் மேசையிலேயே கிடந்தது.

வெருலம் பெண்கள் ஏழாவது வரியை அடித்துவிட்டு, இரவுக்கு இரண்டு பேர், சம்பளத்தோடு என்று எழுதினார்கள். எட்டுப் படுக்கை என்றிருந்ததை ஐந்தாக்கி அனுப்பியிருக்கிறார்கள். பதில் வர இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை வீட்டு வாடகைக்கு என்ன வழி என்று பார்க்க வருகிற வெள்ளிக்கிழமை திரும்ப உட்காருகிறோம்.