தக்காயாசு நாடியழற்சி திரும்புகிறதா? ஸ்கேனில் தொடர்ந்து பார்க்கும் முறை

கொழுந்து பறிக்கும்போது ஒரு கை மட்டும் கனத்து ஓய்ந்துபோகிறது என்று ஓர் இளம்பெண் சொன்னால், வேலைக் களைப்பென்று அனுப்பிவிடாதீர்கள். அது தக்காயாசாக இருக்கலாம்: பெருநாடியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துக் குறுகும் நோய். அது பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கே வருகிறது. இரு கைகளிலும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 10 மி.மீ. பாதரசத்துக்கு மேல் வேறுபட்டால் கழுத்து, கை நாடிகளை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்ய வேண்டும்.

முதல் ஸ்கேனை ஸ்டீரொயிட் தொடங்கும் முன்போ தொடங்கிய சில நாட்களுக்குள்ளோ எடுத்துவிடுங்கள். அது இல்லையென்றால் பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. அடுத்தது மூன்று மாதமளவில். அதன்பின் பிரெட்னிசொலோன் ஸ்டீரொயிட்டைக் குறைக்கும் கட்டங்களிலும், புதிய அறிகுறி வரும்போதும்.

7–12 மெகாஹேர்ட்ஸ் நேர்கோட்டுப் புரோப் (தோலில் வைக்கும் ஸ்கேன் முனை) போதும். ஆழம் 3–4 செ.மீ. நுவரெலியாக் குளிரில் ஜெல் போத்தலைச் சுடுநீரில் வைத்து எடுங்கள். உடல் நடுங்கினால் படம் கலங்கும். பொதுக் கழுத்துநாடியில், பிரியும் இடத்துக்கு 1 செ.மீ. கீழே, தூரச் சுவரின் இரு கோடுகளும் தெளிவாகத் தெரியும்வரை புரோப்பைத் திருப்புங்கள். விட்டம் மிகக் குறுகும் கணத்தில் படத்தை நிறுத்தி, அந்தக் கோடுகளின் இடைவெளியை, அதாவது சுவர்த் தடிப்பை, மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். பிறகு குறுக்காகப் பாருங்கள்: தக்காயாசுவில் சுவர் சுற்றிலும் சீராகத் தடிக்கும், கொழுப்புப் படிவு ஒரு பக்கமாக மேடுபள்ளமாக இருக்கும். காரையெலும்புக்கு அடியிலுள்ள நாடியையும், கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி அக்குள் நாடியையும் இருபுறமும் இதேபோல் அளந்து பாருங்கள்.

அதிகம் பிழை நேர்வது இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் நிறத் தொப்ளரில்தான். அதன் வேக அளவு மிகக் குறைவாகவோ கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகமாகவோ இருந்தால் நிறம் சுவர்மேல் வழிந்து தடிப்பை மறைக்கும். வேக அளவு கூடினால் ஓரங்கள் நிரம்பாமல் இல்லாத தடிப்பைக் காட்டும். நிறம் சுவரைத் தொட்டு நிற்கும்வரை மாற்றுங்கள். தடிப்பை எப்போதும் கறுப்பு வெள்ளைப் படத்திலேயே அளந்து பாருங்கள்.

0.1 மி.மீ. வித்தியாசத்தை மாற்றமாக எண்ண வேண்டாம். அது கையின் பிழையாக இருக்கலாம். நோய் அடங்கிய பின்னும் தடிப்பு பல மாதம் நிற்கும், அதை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டாதீர்கள். மெலிந்திருந்த சுவர் மீண்டும் தடித்துக் கருமையாவதும், முன்பு நன்றாயிருந்த நாடியில் புதிதாகத் தடிப்பு தோன்றுவதுமே எச்சரிக்கை. அப்போது கழுத்து நோவு, கைக் களைப்பு, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தச் சோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். டொசிலிசுமாப் என்ற அழற்சி அடக்கும் மருந்தைப் பெறுபவர்களில் சி.ஆர்.பி. அடங்கியே இருக்கும், அவர்களுக்கு ஸ்கேனின் மதிப்பு இன்னும் அதிகம்.

நெஞ்சுக்குள் இருக்கும் பெருநாடியை இந்தப் புரோப் காட்டாது. கழுத்து நாடிகள் நன்றாயிருந்தும் அறிகுறி நீடித்தால் கண்டி போன்ற பெரிய வைத்தியசாலைக்கு எம்.ஆர். அஞ்சியோவுக்கு (நாடிகளின் எம்.ஆர்.ஐ. படம்) அனுப்புங்கள்.

தோட்டத்து நோயாளர் டிக்கோயாவில் ஒரு முறையும் பதுளையில் ஒரு முறையும் வருவார். ஆகவே இயந்திரம், புரோப், ஆழம், அளந்த இடம், பக்கம், மி.மீ. அளவு அனைத்தையும் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். தெர்மல் தாள் மங்கிவிடும். படத்தை இயந்திரத்திலும் சேமித்து வையுங்கள்.